எழுபது டன் ரகசியம்

ராணுவம் என்றால் துப்பாக்கி, பீரங்கி, முறுக்கிய மீசை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் பேசிக் கேட்டதில்லை, பாவம். அவரைப் பொறுத்தவரை போரை ஜெயிப்பது தார். "டாங்கி பறந்தா வரும்? ரோட்டு மேலதான்யா வரும்! நெடுஞ்சாலைதான் நாட்டோட நரம்பு, பாலம்தான் மூட்டு!" என்று மேடைக்கு மேடை முழங்குவார். சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நரம்புக்கும் மூட்டுக்கும் அவர் பார்த்த வைத்தியம்தான் தப்பு. பெரிய மனிதர் யார் வந்தாலும் அவர் வரும் வழிநெடுக ஒரு கோட்டு புதுத் தார் போட்டுவிடுவார். பழையதைச் சுரண்டி எடுக்கிற பேச்சே கிடையாது. அதன் தலைமேலேயே போடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் கம்பளம் என்று பெயர். அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும்.

ஆற்றுப்பாலத்துக்கு அப்படி ஒன்பது கம்பளம் விழுந்திருந்தது. பாலம் கட்டியபோது முறைப்படி போட்டது ஒன்று. மந்திரி வந்தபோது ஒன்று, அந்த மந்திரியைக் கவிழ்த்தவர் வந்தபோது ஒன்று, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வராமலே போனவருக்கும் ஒன்று. மற்றவை யாருக்காக என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஒன்பதும் சேர்ந்து முழங்கை நீளத்துக்குத் தடித்துப் போய், ஒரு காலத்தில் நெஞ்சளவு இருந்த கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு வந்துவிட்டது. சுவர் குட்டையாகிவிட்டதே என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். சுவர் அப்படியேதான் இருந்தது, ரோடுதான் ஏறியிருந்தது.

இதையெல்லாம் கவனிக்க வேண்டியவள் அந்தக் கோட்டத்தின் உதவிப் பொறியாளர். சுத்தியல் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை பாலத்துக்கு அடியில் ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் உத்திரங்களை அடிக்கு அடி தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். டங் என்றால் கெட்டி. பொத் என்றால் உள்ளே பொள்ளல். ஆறு வருஷத்துக்கு முன் அவள் வந்து சேர்ந்தபோது ஐந்து கண் பாலமும் டங் டங் என்று பதில் சொன்னது. இப்போது நடுக்கண்ணில் பாதிக்கு மேல் பொத். தளம் மூன்று விரல் தொய்ந்திருந்தது. மேலே ஒரு சைக்கிள்கூட இல்லாத நேரத்திலும் ஒவ்வொரு கண்ணும் நூற்றைம்பது டன் தாரைச் சும்மா சுமந்துகொண்டு நின்றது.

ஆறு அறிக்கை எழுதினாள். ஆறும் கம்பளத்தின் மேஜைக்குப் போனதற்குச் சாட்சி உண்டு. அங்கிருந்து எங்கே போயின என்பதற்குத்தான் இல்லை. ஒன்றுக்குக்கூடப் பதிவு எண் விழவில்லை, முத்திரை விழவில்லை. எண்ணும் முத்திரையும் இல்லாத தாளை அந்தத் துறையில் தாள் என்றே சொல்லமாட்டார்கள். செவிடன் காதில் சங்கு ஊதினால், சங்காவது ஊதியவன் கையில் மிஞ்சும். அவளுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ராணுவத் தயார்நிலை வாரம் கொண்டாடப் போகிறார்களாம். போர் என்று ஒன்று வந்தால் டாங்கிகள் எத்தனை மணி நேரத்தில் எல்லைக்குப் போய்ச் சேரும் என்று நாட்டுக்குக் காட்டப் போகிறார்களாம். தளபதி காரில் முன்னே போவார், டாங்கிகள் நீள டிரெய்லர்களில் ஏறிப் பின்னே வரும். வழி, ஆற்றுப்பாலம். நாள், இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள். பாலத்தின் வாயில் வட்டமான மஞ்சள் பலகை ஒன்று நின்றது. இத்தனை டன்வரை போகலாம் என்று ராணுவ வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் சொல்கிற பலகை. அதில் 24 என்று எழுதியிருந்தது. டிரெய்லரும் டாங்கியும் சேர்ந்தால் எழுபது.

கம்பளம் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அங்க இருபத்துநாலுன்னு இருக்கே, அதை எழுபதாக்கிடு."

"பாலத்தையா சார்?"

"போர்டை!"

அவள் உட்காரவில்லை. "சார், மேல இருக்கிற எட்டுக் கோட்டுத் தாரையும் சுரண்டி எடுத்துட்டா பாலத்துக்குக் கொஞ்சம் மூச்சு வரும். பத்து நாள் போதும். அப்பவும் டாங்கி போகாது. பஸ்ஸாவது பயமில்லாமப் போகும்."

"சுரண்டறதா? தளபதி வர்ற நேரத்துல ரோட்டைக் கொத்திப் போட்டு வைக்கச் சொல்றியா? நான் பத்தாவது கோட்டு போடப் போறேன். அவர் கார்ல டம்ளர்ல தண்ணி வெச்சா ஒரு சொட்டு தளும்பக் கூடாது."

"பத்தாவது கோட்டா? சார், அதுக்கு மேல எழுபது டன் டாங்கி வேற..."

"அது வேகமாப் போயிடும்மா. பாரம் ஏறியிருக்குன்னு பாலத்துக்குத் தெரியறதுக்குள்ள அந்தப் பக்கம் இறங்கிடும்."

முப்பது வருஷம் பாலம் கட்டிய மனிதர் இதைச் சிரிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, தட்டச்சர் அடித்து வைத்திருந்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். 'மேற்படி பாலம் எழுபது டன் தாங்கும் எனச் சான்றளிக்கிறேன்.' கீழே அவள் கையெழுத்துக்குக் கோடு. அவருடைய கையெழுத்துக்கு எங்கேயும் இடமில்லை. தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நாலு நாள் டைம். கையெழுத்து வரலைன்னா உன்னை எங்க தூக்கிப் போடுவேன்னு எனக்கே தெரியாது" என்றார் கம்பளம்.

அவளுக்குப் பயமாக இருந்தது. வேலைக்காகவோ, தளபதியின் டம்ளருக்காகவோ வந்த பயம் இல்லை அது. அவள் கணவன் டவுன் பஸ் டிரைவர். ஒரு நாளைக்கு எட்டு தடவை அந்தப் பாலத்தின் மேல் போய் வருகிறவன். காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. இத்தனை நாள் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அவன் மறுநாளைக்கான காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, முகம் தொங்கிக் கிடக்கு?"

"பாலமும்தான் தொங்கிக் கிடக்கு."

சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பொத் என்ற சத்தம், மூன்று விரல் தொய்வு, பத்தாவது கோட்டு, நாலு நாள்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா நான் அதுமேலதான் போயிட்டு வந்துட்டிருக்கேன்."

"தெரியும்ங்க. தினமும் ராத்திரி நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வரும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? பஸ்ஸைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டுப் போவீங்களா?"

அவன் தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்த்தான்.

பதில் மறுநாள் காலை கிடைத்தது. முதல் டிரிப்பில் பாலத்தின் வாயில் பஸ்ஸை நிறுத்தி, எழுந்து நின்று சொன்னான்: "எல்லாரும் இறங்கி நடந்து வாங்க. அந்தப் பக்கம் போய் ஏத்திக்கறேன்."

"ஏன்யா, டிக்கெட் வாங்கினது நடக்கறதுக்கா?" என்றார் முன் சீட்டுக்காரர்.

"என் பொண்டாட்டி யாருன்னு தெரியுமில்ல?"

தெரியாதவர்கள் அந்தப் பஸ்ஸில் இல்லை. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். முன் சீட்டுக்காரர்தான் முதலில் இறங்கினார். இரண்டாவது டிரிப்பில் சொல்ல வேண்டியே இருக்கவில்லை, தானாக எழுந்துவிட்டார்கள். காலி பஸ்ஸை அவன் ஆமை வேகத்தில் ஓட்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். காலியாக ஓட்டினாலும் உள்ளே அவன் ஒருவன் இருந்தான் என்பது அவன் மனைவிக்கு மட்டும்தான் உறைத்தது. அன்று அவள் அலுவலகத்தில் ஒரு வரி எழுதவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்றாம் நாள் மற்ற பஸ்களும் ஆளை இறக்கிவிட்டன. கல் லாரிக்காரர்கள் இந்தப் பக்கமே பாதிக் கல்லைக் கொட்டிவிட்டு இரண்டு நடையாகப் போனார்கள். ஜனங்கள் பாலத்தின் மேல் வரிசையாக, ஓரமாக, பேச்சு மூச்சில்லாமல் நடந்தார்கள். "ஓங்கி மிதிக்காதேடா!" என்று பிள்ளைகளை அதட்டினார்கள். கனத்த உடம்புக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்தார். பின்னால் வந்தவர்கள், அவர் அக்கரை சேர்ந்த பிறகு போகலாம் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

கம்பளத்துக்கு இதெல்லாம் நாலாம் நாள்தான் தெரிந்தது. அவருடைய சொந்தக் கார் டிரைவர் பாலத்தின் வாயில் வண்டியை நிறுத்தித் தலையைச் சொறிந்தான். "சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் இறங்கி நடந்து வந்துடுங்களேன்."

கம்பளம் இறங்க மாட்டேன் என்றார். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். கால் மணி நேரம் காருக்குள் வெயிலில் வெந்தபின் அவரும் இறங்கினார். பாலத்தை நடந்துதான் கடந்தார். நடுக்கண் வந்ததும் அவரை அறியாமல் நுனிக்காலில் நடந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தக் கோபம் முழுதும் தட்டச்சர் மேல் கொட்டியது. "அடிய்யா! இது சாதாரண விஷயமில்ல. பாலத்தோட பலம் ராணுவ ரகசியம்! எதிரி காதுக்குப் போனா என்ன ஆகும்? நான் சொல்லச் சொல்ல அடி." கோபத்தில் வந்த வார்த்தையெல்லாம் தாளில் விழுந்தது. 'ராணுவ முக்கியத்துவம் வாய்ந்த ஆற்றுப்பாலம், அளவுக்கு மீறிய தார்ப் பாரத்தால் இருபத்துநாலு டன்னுக்கும் தகுதியற்ற பலவீன நிலையில் உள்ளது என்னும் ரகசியத்தைத் தம் கணவரான பேருந்து ஓட்டுநரிடம் வெளியிட்ட குற்றம்.' தட்டச்சர் ஒரு தடவை தலையை நிமிர்த்தி ஏதோ சொல்ல வந்தார். "அடிய்யா!" என்றார் கம்பளம். அடித்தார். எண் போட்டு, முத்திரை குத்தி, மேலிடத்துக்கு ஒரு நகல். ராணுவ விஷயமாயிற்றே, ராணுவத்தின் பாலப் பிரிவுக்கும் ஒரு நகல்.

குற்றப்பத்திரிகை வீட்டுக்கு வந்தது. நிரூபணமானால் வேலை போகலாம். ரகசியத்தை வெளியிட்டது என்பதால் ஜெயிலுக்கும் போகலாம். அவள் கணவன் ஆடிப்போனான்.

"நீ எதுவுமே சொல்லலைன்னு சொல்லிடு. நானும் சொல்றேன், கனவுல வந்துச்சுன்னு."

அவள் மூன்றாவது தடவையாக அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, காது கேக்கலையா? ஜெயிலுங்கறாங்க!"

"கேக்குதுங்க. கொஞ்சம் இருங்க, இன்னொரு தடவை படிச்சுக்கறேன்."

விசாரணை தயார்நிலை வாரத்துக்கு ஐந்து நாள் முன்னால் நடந்தது. பாலத்தின் மேல் பத்தாவது கோட்டுக்கான ஜல்லி வந்து இறங்கிவிட்டது. அலுவலகத்தின் நீள மேஜைக்கு ஒரு பக்கம் கம்பளம், பக்கத்தில் தட்டச்சர், எதிரே அவள். ஜன்னலோரம் ராணுவப் பாலப் பிரிவிலிருந்து வந்த மேஜர். ஒல்லி மனிதர், நாலு கேள்விக்கு ஒரு வார்த்தை பேசுகிறவர். வரும் வழியில் பாலத்தடியில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்; காலணியில் ஈரச் சேறு இருந்தது.

"குற்றச்சாட்டை மறுக்கிறியா?" என்றார் கம்பளம். அவள் மறுப்பாள், அழுவாள், கடைசியில் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பாள் என்பது அவர் கணக்கு.

"இல்ல சார். ஒத்துக்கறேன். அதுல எப்படி எழுதியிருக்கோ, அப்படியே, ஒரு வார்த்தை மாறாம ஒத்துக்கறேன்."

கம்பளம் முகம் மலர்ந்தார். "பதிவு பண்ணுய்யா!"

தட்டச்சர் பதிவு செய்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். மேஜர் வாயைத் திறந்தார்.

"ஒரு சந்தேகம். பாலம் பலவீனமா இருக்கா?"

"சேச்சே, கல்லு மாதிரி இருக்கு சார். எழுபது டன் தாங்கும்."

"அப்ப இவங்க புருஷன்கிட்ட சொன்னது பொய்."

"பச்சைப் பொய் சார்!"

"பொய் சொன்னா ரகசியம் எப்படி வெளிய போகும்?"

கம்பளம் தண்ணீர் குடித்தார். "பொய்யின்னு... முழுசாச் சொல்ல முடியாது சார். ரகசியம்தான்."

"அப்ப உண்மை."

"உண்மைன்னும் சொல்ல முடியாது சார்..."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன் வாயோடு நிறுத்திக்கொள்ளும். இவர் எண்ணும் முத்திரையும் வேறு போட்டு வைத்திருந்தார்.

"சார்" என்றாள் அவள். "பாலம் பலவீனம்னு நான் ஆறு தடவை எழுதினேன். ஒண்ணுக்கும் நம்பர் விழல. நீங்க ஒரே தடவை எழுதினீங்க. நம்பர் இருக்கு, சீல் இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. நான் என்ன சொல்லணும்னு நினைச்சேனோ, அதை என்னைவிட நல்லாவே எழுதியிருக்கீங்க. அளவுக்கு மீறிய தார்ப் பாரத்தாலன்னு காரணத்தோட."

அப்போதுதான் கம்பளத்துக்கு விளங்கியது. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைத் தட்டச்சர் கொஞ்சம் ஆசையாகவே பார்த்தார்.

"இந்தக் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக்கறேன்."

"நான்தான் ஒத்துக்கிட்டேனே சார்."

"நீ குற்றம் பண்ணலம்மா!"

"பண்ணேன் சார்."

"இல்லம்மா, நீ நல்ல பொண்ணு. உன்னை எனக்குத் தெரியாதா?"

"நான் குற்றவாளி சார். பதிவாயிடுச்சு."

"யோவ், அதைக் கிழிய்யா!" என்று தட்டச்சரைப் பார்த்துக் கத்தினார். ராணுவ ஆவணத்தைக் கிழித்தால் என்ன தண்டனை என்று தட்டச்சர் மேஜரிடம் பணிவாகக் கேட்டார்.

மேஜர் எழுந்தார். "கிழிச்சாலும் புண்ணியமில்ல. எங்களுக்கு வந்த நகல் தலைமையகத்துக்குப் போயாச்சு. என் வண்டி ஒண்ணுகூட இந்தப் பாலத்துல ஏறாது. வேற எந்த வண்டியும் ஏறக்கூடாது, முதல்ல தாரை எடுங்க." கதவருகே நின்று திரும்பினார். "நாங்க எதிரி நாட்டுப் பாலத்தை உடைக்க எவ்வளவோ குண்டு செலவு பண்றோம் சார். அவங்க ஊருக்கு உங்களை அனுப்பி வெச்சு, அடிக்கடி ஒரு மந்திரியையும் அனுப்பினாப் போதும் போலிருக்கு."

அன்று சாயங்காலமே பாலத்தை மூடினார்கள். பத்தாவது கோட்டுக்கு வந்த ஆட்களே எட்டுக் கோட்டையும் சுரண்டினார்கள். பஸ்கள் நாற்பது கிலோமீட்டர் சுற்றிப் போயின. நேற்றுவரை சுத்தியலம்மா தெய்வம் என்று நுனிக்காலில் நடந்த ஊர், சுற்றுவழியில் கால் கடுக்க நின்றபடி அவளைத் திட்டித் தீர்த்தது. கணவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டான். வீட்டுக்கு வந்து ஒன்றையும் சொல்லவில்லை.

தயார்நிலை வாரமும் நடக்காமல் இல்லை. 'பாலம் எதிரியால் தகர்க்கப்பட்டதாகக் கொண்டு பயிற்சி மாற்றியமைக்கப்பட்டது' என்று அறிக்கை வந்தது. ராணுவம் ஆற்றில் தன் மிதவைப் பாலத்தை இறக்கியது, டாங்கிகள் அதன் மேல் ஏறிப் போயின. கரையில் போட்ட மேடையில் கம்பளம் பேசினார். பாலமே இல்லாவிட்டாலும் நாடு தயார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார். தளபதி கை தட்டினார். ஊரும் தட்டியது.

அவளுக்கு ஜெயில் இல்லை. நடந்தது இன்னும் நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்று மேலிடம் நினைத்தது. ஆனால் குற்றத்தை ஒத்துக்கொண்டவளை அப்படியே விடவும் முடியாதே. கரையிலிருந்து படகில் மூன்று மணி நேரம் போகிற ஒரு தீவுக்கு மாற்றல் வந்தது. அங்கே துறைக்குச் சொந்தமாக இரண்டு கிலோமீட்டர் ரோடு இருந்தது.

அவள் புறப்பட்ட நாளும் பாலத்தைத் திறந்த நாளும் ஒன்றாக அமைந்தது. படகுத்துறைக்குக் கணவனின் பஸ்ஸில்தான் போனாள். முன் சீட்டில், காலடியில் பெட்டியோடு. பாலத்தின் வாய் வந்தது. பலகையில் 24 போய் 18 வந்திருந்தது. அவள் கணக்குப் போட்டு எழுதச் சொன்ன எண், ஆள் நிறைந்த பஸ்ஸுக்குப் போதும். அவன் பஸ்ஸை நிறுத்தினான். பழக்க தோஷத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் இறங்கவில்லை, அவளையே பார்த்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

"உட்காருங்க" என்றாள். "எல்லாரும் உட்காருங்க. போகும்."

உட்கார்ந்தார்கள். பஸ் ஏறியது. நடுக்கண் வந்தபோது அவள் அழுதாள், சத்தமில்லாமல். எல்லோரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். அந்தப் பக்கம் இறங்கியதும் அவன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"நீ போற தீவுல பாலமே இல்லையாமே?"

"ஒண்ணுகூட இல்லைங்க" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப யோசிச்சுத்தான் அனுப்பியிருக்காங்க."